செல்லப்பாவின் 844 புத்தகங்கள்

அன்புள்ள மச்சான்,

உன்ரை கடிதம் வந்து ஐந்து கிழமையாச்சு. பதில் போடாதது என்ரை பிழைதான், மன்னிச்சுக்கொள். இங்கை எல்லாரும் சுகம். சின்னமாமாவுக்கு முழங்கால் நோ குறைஞ்சிட்டுது, வாய் மட்டும் பழையபடி.

ஊரிலை வாசிகசாலை திறக்கப் போறாய், அதுக்கு கே. எம். செல்லப்பாவின் பெயரை வைக்கப் போறாய் எண்டு வாசிச்சதிலை எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் பெயர்ப்பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் இரண்டு பக்கம் எழுதின நீ, புத்தகங்களைப் பதியிற பதிவேட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லை. அதுதான் நித்திரையைக் குழப்புது.

செல்லப்பா என்ன செய்தவர் எண்டு ஒருக்கால் ஆறுதலாய் யோசி. நீதிமன்றத்திலை சக்கடத்தாராய், அதாவது செயலாளராய், இருந்த மனுசன். 1933இலை தன்ரை வீட்டிலேயே புத்தகங்களை வைச்சு இரவல் குடுக்கத் தொடங்கினார். அந்த வருசக் கடைசியிலை, யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் வேணும் எண்டு ஆங்கிலத்திலை வேண்டுகோள் விட்டார். 1934 யூன் 9ஆம் திகதி மத்திய கல்லூரியிலை கூட்டம். தலைமை நாற்காலி ஒரு நீதிபதிக்குப் போச்சு. செல்லப்பா எடுத்தது செயலாளர் வேலை, அதாவது ஓடித் திரியிற வேலை. சேர்ந்த காசு 1,184 ரூபா 22 சதம். ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியிலை ஒரு வாடகை அறை, அதுக்குள்ளை 844 புத்தகம், முப்பதளவு பத்திரிகையும் சஞ்சிகையும். 1935 ஜனவரி 1ஆம் திகதி நகரசபை அதைப் பொறுப்பெடுத்திட்டுது.

ஐந்தே மாதம், மச்சான்! தன்ரை வீட்டிலை துளிர்விட்டதை, அறை திறந்து ஐந்தே மாதத்திலை பொதுச்சொத்தாக்கி விட்டார். எனக்கு அவரிலை பெரிசாய்த் தெரியிறது இதுதான். அந்த 22 சதத்தையும் 844ஐயும் நான் கும்பிடுவன். சதம் வரைக்கும் எழுதி, புத்தகத்தை எண்ணி வைச்சால்தான் இன்னொருத்தர் கையிலை குடுக்கலாம். எண்ணாத புத்தகத்தை எந்தச் சபையும் வாங்காது, வாங்கினாலும் காக்காது.

ஆகவே பலகையை விடு. ஒரு தடிச்ச மட்டைச் சி.ஆர். கொப்பி வாங்கு. தொடர் இலக்கம், வந்த திகதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பித்த ஆண்டு, பக்கம், விலை, ஆர் தந்தது, குறிப்பு எண்டு ஒன்பது கட்டம் கீறு. ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி. மூன்று பிரதி வந்தால் மூன்று வரி. துலைஞ்ச புத்தகத்தின்ரை இலக்கத்தை வேறொண்டுக்குக் குடுக்காதை. குறிப்பிலை திகதி போட்டு 'நீக்கம்' எண்டு எழுதிவிடு, அல்லாட்டில் இரண்டு வருசத்திலை ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. அதே இலக்கத்தைத் தலைப்புப் பக்கத்தின்ரை பின்புறத்திலையும், உள்ளுக்கு நீ நினைக்கிற ஒரு பக்கத்திலையும் எழுது. 21ஆம் பக்கம் எண்டால் எல்லாப் புத்தகத்திலையும் 21தான். முதல் தாளைக் கிழிச்சுப் போட்டாலும் அது எங்கடை எண்டு காட்டும்.

நன்கொடையாய் வாற புத்தகத்தை நேரே றாக்கையிலை அடுக்காதை. பத்து வருசம் பெட்டிக்குள்ளை கிடந்தது, இராமபாணப் பூச்சியோடைதான் வரும். இரண்டு கிழமை தனி அறையிலை வைச்சு, தாள் தாளாய் விரிச்சுத் தட்டி, பிறகு சேர். வெயிலிலை காயப்போடாதை, தாள் மொறுமொறுத்து உடையும். றாக்கை சுவரிலை முட்டக்கூடாது, ஒரு சாண் விடு. கீழ்த்தட்டு நிலத்திலையிருந்து ஆறு அங்குலமாவது உயர இருக்கட்டும். மாரியிலை சுவர்தான் முதல் ஈரம் குடிக்கும், கறையானும் அந்த வழியாலைதான் ஏறும். வேப்பிலை வைக்கிறதெண்டால் சருகாய்க் காய்ஞ்சதை வை, பச்சை இலை பூஞ்சணம் பிடிக்கும். மட்டை ஒட்டுற மாப்பசைக்குள்ளை ஒரு துளி மயில்துத்தம் கலந்து காய்ச்சச் சொல்லு. அது இல்லாத பசை பூச்சிக்குச் சாப்பாடு.

இரவல் விசயத்திலை நீ இளகின மனசுக்காரன், அதாலை சொல்லுறன். புத்தகம் துலையிறது கள்ளராலை இல்லை, 'தெரிஞ்ச ஆள்தானே' எண்டு எழுதாமல் விடுறதாலை. எங்கடை கணக்கு மாஸ்டர் வந்தாலும் இரவல் கொப்பியிலை கையெழுத்து வைக்கட்டும். தவணை பதினாலு நாள். தண்டப்பணம் மட்டும் வேண்டாம். காசுக்குப் பயந்து பிள்ளையள் புத்தகத்தை ஒளிச்சு வைச்சிடுவினம், பிறகு வாசிகசாலைப் பக்கமே வராயினம். பதினைஞ்சாம் நாள் ஒரு பெடியனை வீட்டுக்கு அனுப்பிக் கேள், வந்திடும்.

இன்னுமொண்டு. இதை எழுதேக்கை கை நடுங்குது. அந்த வாடகை அறை யாழ்ப்பாணப் பொது நூலகமாய் வளர்ந்த கதை உனக்குத் தெரியும். மேயர் சாம் சபாபதியும் லோங் அடிகளாரும் காசு சேர்த்து, இந்தியாவிலையிருந்து நூலகத்துறை அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் கட்டிடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் வந்து, 1959 ஒக்டோபரிலை புதுக்கட்டிடம் திறந்தது. 1981 மே 31 இரவு அந்த நூலகத்தைக் கொழுத்தினதிலை போனது 97,000 அளவு நூல். ஓலைச்சுவடிகளும் சேர்ந்து போச்சு. எரியிறதைப் பார்த்த தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிரை விட்டார். புத்தகம் ஒண்டு போனால் இன்னொரு பிரதி தேடலாம். என்ன இருந்தது எண்டே தெரியாமல் போனால் எதைத் தேடுறது? அதாலை பதிவேட்டுக்கு இரண்டாம் படி ஒண்டு வேணும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பார்த்தெழுதி, வாசிகசாலைக்கு வெளியாலை, வேறொருத்தர் வீட்டிலை வை. போனிலை படம் பிடிச்சு எனக்கும் அனுப்பு.

வாசிகசாலையைப் பொறுப்பெடுக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு எப்ப எழுதப் போறாய்? நூறு வரி நிரம்பினவுடனை எழுது. ஆயிரம் வரட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இராதை.

தங்கச்சிக்கும் பிள்ளையளுக்கும் என்ரை அன்பு. மாரி துடங்க முதல் ஓட்டுக்குள்ளை ஒழுக்கு இருக்கோ எண்டு ஏறிப் பார். கொப்பியின்ரை முதல் பக்கம் நிரம்பினவுடனை எனக்குக் காட்டு.

உன்ரை,
பழைய வாங்குக் கூட்டாளி