செலினுந்தேக் கற்களைப் பற்றி ஐயாவுக்கு

பலெர்மோ,
சித்திரை மாதம்.

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். இங்கே அவரும் பிள்ளைகளும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் நோவுக்கு அனுப்பின தைலம் வந்து சேர்ந்ததா? போனில் கேட்க நினைத்து மறந்து போனேன்.

ஐயா, இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். போனில் சொன்னால் "சரி பிள்ளை, சரி பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். இது ஆறுதலாக இருந்து வாசிக்கவேண்டிய விஷயம். கல்லு வேலை சம்பந்தப்பட்டது.

இங்கே உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். பாஸ்குவெத்தா என்று சொல்லி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கடற்கரை, மலை என்று எல்லாரும் வெளிக்கிட்டு விடுவார்கள். நான் வேலைக்குப் பார்த்துக்கொள்கிற சிஞ்ஞோராவோடு (வீட்டுக்கார அம்மாவோடு) அவவின் மகள் வந்து நின்றதால் எனக்கும் லீவு கிடைத்தது. கோயிலில் பழக்கமான இரண்டு குடும்பங்களோடு வான் பிடித்து, காலமையே வெளிக்கிட்டோம். புட்டும் சம்பலும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் கட்டிக்கொண்டு போனோம். போன இடம் செலினுந்தே. சிசிலியின் தென்மேற்குக் கரையில், கடலுக்கு மேலேயே இருக்கிற பழைய கிரேக்கப் பட்டினம்.

இத்தாலியில் எப்படிக் கிரேக்கக் கோயில் என்று அம்மா கேட்பா. ரோமர் பெரிய ஆட்களாக வர முந்தியே கிரேக்கர் கப்பலில் வந்து சிசிலியின் கரையெல்லாம் குடியேறி ஊர் கட்டினவர்கள். செலினுந்தே கி.மு. ஏழாம் நூற்றாண்டில் உண்டானது. இந்தத் தீவில் கிரேக்கர் கட்டின ஊர்களில் மேற்குக் கோடியில் இருந்தது அதுதான்.

பலெர்மோவிலிருந்து போகிற பெருந்தெருவில் கபாச்சி என்ற இடம் வரும். 1992 மே 23ஆம் திகதி நீதிபதி ஜொவான்னி பல்கோனேயையும் அவரின் மனைவியையும் மூன்று மெய்க்காவலர்களையும் மாஃபியா தெருவுக்குக் கீழே குண்டு வைத்துக் கொன்ற இடம். இரண்டு பக்கமும் பெயர் பொறித்த தூண்கள் நிற்கின்றன. அதைக் கடக்கிறபோது வானுக்குள் கதை நின்றுவிடும், ஒவ்வொரு முறையும். பிறகு பெலிச்சே பள்ளத்தாக்கு. 1968 தை மாதத்துப் பூமியதிர்ச்சியில் அழிந்த ஊர்களின் பக்கம் அது. மற்றப்படி வழி முழுக்கத் திராட்சையும் ஒலிவ் மரமும்தான்.

கோயில்களுக்குப் பெயர் இல்லை, ஐயா. எந்தக் கோயில் எந்தத் தெய்வத்துக்கு என்று முழுதாகத் தெரியாததால் ஆராய்ச்சிக்காரர் எழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏ, பி, சி என்று போகிறது. கிழக்குப் பக்கத்து மேட்டில் மூன்று, கடலுக்கு நேரே உள்ள கோட்டை மேட்டில் மற்றவை பெரும்பாலும். உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது ஈ கோயில். அது ஹேரா என்ற பெண் தெய்வத்துக்குரியது என்று சொல்கிறார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டினது. முன்னுக்கு ஆறு தூண், பக்கத்துக்குப் பதினைந்து. பூமியதிர்ச்சியில் விழுந்து கிடந்ததை 1956 தொடக்கம் 1959 வரை திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். கிழக்குப் பார்த்த வாசல். படி ஏறி உள்ளே போகப் போகத் தளம் உயர்ந்து கொண்டே போகிறது. கடைசியில் தெய்வம் இருந்த சின்ன அறை. பலி கொடுக்கிற பீடம் வெளியிலே, வாசலுக்கு நேரே. சனம் வெளியில் நின்றுதான் கும்பிட்டது. உள்ளே ஆள் கூடுகிற மண்டபம் கிடையாது.

தூணை நான் தடவிப் பார்த்தேன். கல்லு முழுக்கச் சிப்பி, ஐயா! கடலடியில் உண்டான சுண்ணக்கல்லு. நிறம் கொஞ்சம் மஞ்சள், ஆனால் தொட்டால் எங்கட ஊர்ப் பொழிகல்லுத்தான், அதே சொரசொரப்பு. இந்தக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்க முடியாதென்று நீங்கள் சொல்வீர்கள்தானே? அவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. தூணெல்லாம் செதுக்கின பிறகு மேலே மெல்லிசாகச் சுண்ணச்சாந்து பூசி மினுக்கியிருக்கிறார்கள். அங்கங்கே அந்தப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நகத்தின் தடிப்பில். கிட்டத்தட்ட இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கடற்காற்றும் உப்பும் தின்ன மிஞ்சின பூச்சு! நீங்கள் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊற வைத்து, அவசரப்படுகிற வீட்டுக்காரரோடு சண்டை பிடிப்பீர்களே. அதன் அருமை எனக்கு அங்கேதான் விளங்கினது.

விழுந்த கல்லை இப்படிச் சீமெந்தும் சேர்த்து நிமிர்த்தினது பிழை என்று சொல்லுகிற படித்த ஆட்களும் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சின்னவள் தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்த்து, கை எட்டாமல், அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். விழுந்த கல்லு எவ்வளவு பெரிதென்றாலும் அந்த உயரத்தைப் பிள்ளைக்குக் காட்டாது.

ஆனால் நீங்கள் வந்தால் ஈ கோயிலடியில் நிற்க மாட்டீர்கள். நேரே ஜீ கோயிலுக்குத்தான் போவீர்கள். அது இப்போது கோயிலில்லை, கல்லுமலை. கிரேக்கர் கட்டத் தொடங்கினதிலேயே பெரிய கோயில்களில் ஒன்று. நீளம் 360 அடி போல, அகலம் 160 அடிக்கு மேல். தூணின் உயரம் 50 அடிக்கு மேல், அடிப்பக்கத்தின் குறுக்களவு 11 அடி போல. கி.மு. 530 அளவில் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாகியும் முடியவில்லை. அதில் ஒரு தூணை மட்டும் 1832இல் நிமிர்த்தி விட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறது. அதுக்குள்ளே ஏறி இறங்கினால்தான் வேலை எப்படி நடந்ததென்று தெரிகிறது. தூண் ஒரே கல்லில்லை. உருளை உருளையாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினது. ஒவ்வொரு உருளையின் நடுவிலும் சதுரமாக ஒரு குழி. அதுக்குள்ளே மரக்கட்டை இறுக்கி, மேல் உருளையை அதிலே பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு உருளைக்கும் இடையில் சாந்து கிடையாது. கல்லு கல்லோடு இருந்த பொருத்தம்தான். தூணில் நீட்டுக்கு வருகிற குழிவரிகள் இருக்கே, அதைக் கீழே வைத்து வெட்டுவதில்லை. தூணை நிறுத்திய பிறகுதான் செதுக்குவார்களாம். ஜீ கோயிலில் சில தூண்களுக்கு வரி விழவே இல்லை, வெறும் உருளையாகவே கிடக்கின்றன. அந்த வேலைக்கு அவர்கள் வந்து சேரவில்லை.

கோட்டை மேட்டில் சி கோயிலின் ஒரு பக்கத்துத் தூண்களை நூறு வருஷத்துக்கு முந்தி நிமிர்த்தியிருக்கிறார்கள். மற்றப் பக்கத்துத் தூண்கள் விழுந்த வாக்கிலேயே, அரிந்து வைத்த வாழைத்தண்டு மாதிரி வரிசை குலையாமல் கிடக்கின்றன. அதுக்குக் கீழே கடல். அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா. சாப்பாட்டை மரினெல்லாக் கடற்கரையில் வைத்துச் சாப்பிட்டோம். பிள்ளைகள் தண்ணி குளிரக் குளிர இறங்கி விளையாடினார்கள்.

பின்னேரம்தான் நான் ஆசைப்பட்ட இடத்துக்குப் போனோம். மற்றவர்களுக்கு அவ்வளவு விருப்பமில்லை, "கல்லுக் கிடங்கில என்ன இருக்கு?" எண்டு கேட்டார்கள். அவர்தான் எனக்காகக் கதைத்தார். கூசா என்று பெயர். செலினுந்தேயிலிருந்து மேற்கே ஏழெட்டு மைல் தூரத்தில், ஒலிவ் தோட்டங்களுக்கு நடுவில். ஜீ கோயிலுக்குக் கல்லு வெட்டின இடம். ஒரு மைல் போல நீண்டு கிடக்கிறது. அன்றைக்கு எங்களைத் தவிர ஒரு கிழவரும் அவரின் நாயும்தான்.

ஐயா, அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அப்படித்தான் இருக்கிறது பார்க்க. ஒரு இடத்தில் பாறையின் மேல் வட்டம் மட்டும் கீறியிருக்கிறார்கள், இன்னும் வெட்டத் தொடங்கவில்லை. அடுத்ததில் வட்டத்தைச் சுற்றி முழங்காலளவுக்குத் தோண்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் ஆளுயரத்துக்கும் மேலே உருளை முழுதாக வெளியே வந்து நிற்கிறது, அடிமட்டும் பாறையோடு ஒட்டியபடி. ஆப்பு அடித்துப் பிரிக்க வேண்டியதுதான் மிச்சம். சுற்றிவர வெட்டின வாய்க்கால் இரண்டடிகூட அகலமில்லை. நான் அதுக்குள்ளே இறங்கிப் பார்த்தேன். ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நிற்கலாம், திரும்பக் கஷ்டம். அதுக்குள்ளே நின்று நாள் முழுக்கக் கொத்தியிருக்கிறார்கள். கொத்தின அடையாளம் சரிவாக, வரி வரியாக, ஒரே சீராக இருக்கிறது. ஒரு இடத்தில் வரி இந்தப் பக்கம் சரிந்திருந்தால் எதிர்ப்பக்கம் மற்றப் பாட்டுக்குச் சரிகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று வெட்டினவர்கள் போல. வெட்டி முடிந்த உருளைகள் சில ஏற்றத் தயாராகக் கிடக்கின்றன. சிலதை ஏற்கெனவே இழுத்துக்கொண்டு போய், வழியிலே விட்டிருக்கிறார்கள். மரச்சட்டம் பூட்டி, மாடு கட்டி இழுத்திருப்பார்கள் என்று சொல்கிறார்கள்.

ஏன் விட்டார்கள்? கி.மு. 409இல் கார்த்தேஜ்காரர் படையெடுத்து வந்தார்கள். இப்போதைய துனிசியாவில் இருந்த பட்டினம் அது. படைத்தலைவரின் பெயர் ஹனிபால். யானையோடு மலை கடந்த ஹனிபால் இல்லை, அவர் பிறகு வந்தவர் என்று மூத்தவன் திருத்தினான், பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். படை மேற்குக் கரையில் இறங்கி வந்தது. கிடங்கும் அந்தப் பக்கம்தான். கல்லு வெட்டினவர்கள் உளியைப் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் பட்டினம் விழுந்தது. பதினாறாயிரம் பேர் செத்ததாகவும் ஐயாயிரம் பேர் பிடிபட்டதாகவும் இரண்டாயிரத்து அறுநூறு பேர்தான் தப்பி அடுத்த ஊருக்கு ஓடினதாகவும் தியோதோரஸ் என்ற பழைய சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். அதுக்குப் பிறகும் அந்த ஊரில் சனம் இருந்தது. ஆனால் கிடங்குக்கு ஒருவரும் திரும்பி வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை நெருங்க, ஊரோடு நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது நீங்கள் தபாற்கந்தோர் ஒழுங்கையில் கட்டிக்கொண்டிருந்த வீடு நினைவிருக்கிறதா? யன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. குழைத்த சாந்து அப்படியே இருக்க, நீங்கள் சாந்தகப்பையை மட்டும் கழுவி, சைக்கிள் கரியரில் செருகிக்கொண்டு வந்தீர்கள். அம்மா அரிசி கட்டிக்கொண்டு நின்றா. அந்தச் சுவருக்கு என்ன நடந்ததென்று நான் உங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கூசாவில் நின்றபோது அதைத்தான் நினைத்தேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

அங்கே எழுதிப் போட்டிருக்கிற பலகைகளில் படைத்தலைவரின் பெயர் இருக்கிறது, தோண்டிப் பார்த்தவர்களின் பெயர் இருக்கிறது. வெட்டினவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. அடிமைகளும் அதிலே இருந்திருப்பார்கள். அவர்களின் கொத்து மட்டும் அப்படியே இருக்கிறது, நேற்று வெட்டினது போல. நான் கையை வைத்துப் பார்த்தேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்தக் கோயில்களில் இருந்த சிற்பப் பலகைகள் இங்கே பலெர்மோ நூதனசாலையில் இருக்கின்றன. வந்த கிழமையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஈ கோயிலின் பலகைகளில் உடம்பெல்லாம் சாதாரணச் சுண்ணக்கல்லு. பெண்களின் முகம், கை, கால் மட்டும் வெள்ளைப் பளிங்கில் வேறாகச் செய்து பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் பளிங்கு சிசிலியில் கிடையாது, கிரேக்கத் தீவிலிருந்து கப்பலில் வந்தது. மூட்டுத் தெரிகிறது, ஆனால் வடிவாகப் பொருந்தியிருக்கிறது. படம் பிடித்துத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் வழியில் கஸ்தெல்வெத்ரானோவில் கறுத்தப் பாண் வாங்கினோம். மேலே எள்ளுத் தூவி, விறகடுப்பில் சுட்டது. சிஞ்ஞோராவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ பிறந்தது அந்தப் பக்கம்தான். மணந்து பார்த்துவிட்டு என் கையை விடவே இல்லை.

ஐயா, எனக்கு மூன்று கேள்வி. ஒன்று, அவ்வளவு ஒடுங்கின வாய்க்காலுக்குள் நின்று கூடத்தை ஓங்க முடியாதே, எப்படி அடித்திருப்பார்கள்? இரண்டு, அடியைப் பாறையிலிருந்து பிரிக்கும்போது உருளை வெடிக்காமல் ஆப்பை எங்கே, எத்தனை இடத்தில் இறக்குவீர்கள்? மரக்கட்டையை இறுக்கித் தண்ணி ஊற்றி ஊதவிட்டதாகச் சொல்கிறார்கள், எங்கட கல்லுக்கு அது சரிவருமா? மூன்று, சாந்தில்லாமல் பொருத்துகிற இரண்டு முகத்தையும் எப்படி மட்டம் பார்ப்பது? மூத்தவன் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி எழுதப் போகிறான். "அம்மப்பாவைக் கேட்டு எழுதுவம்" எண்டு அவன்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான், அம்மாவிடம் கொடுத்துவிடாமல் நீங்களே கதையுங்கள். தமிழ் கொஞ்சம் தட்டித்தட்டித்தான் வரும், ஆறுதலாகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு இந்த மாதக் காசு புதன்கிழமை போட்டுவிட்டேன். கிணற்றடிச் சுவரைத் திருத்த வேறு ஆளைப் பிடியுங்கள், நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம். தம்பிக்கும் மாமிக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்