செத்ரிக் எரூவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செத்ரிக் எரூ அவர்களுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. ஆனால் எல்லை கடந்து வந்தவர்களுக்கு உதவியதற்காக உங்கள் மீது போட்ட வழக்கு பற்றி என் கண்ணில் பட்ட எந்தச் செய்தியையும் படிக்காமல் விட்டதில்லை.

பிரான்ஸின் தென்கிழக்கில், இத்தாலிய எல்லையோரம் இருக்கும் ரோயா பள்ளத்தாக்கில், மலைச்சரிவில் ஒலிவ மரங்கள், கோழிகள், ஒரு வீடு. நீங்கள் உண்டு உங்கள் வேலை உண்டு என்று இருந்திருக்கலாம். 2015 நவம்பரில் பிரான்ஸ் மறுபடி எல்லைச் சோதனையை ஆரம்பித்ததும், சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வந்தவர்கள் இத்தாலியின் வென்டிமிக்லியாவில் மாட்டிக்கொண்டார்கள். கடலோர வழி அடைபட்டதால் பலர் சாலையோரமாகவும் தண்டவாளத்தின் மேலும் உங்கள் ஊர்ப் பக்கம் ஏறி வந்தார்கள். வந்து சேர்ந்த இடம் பிரான்ஸ்தான். ஆனால் அடைக்கல மனு கொடுக்க நீஸுக்குப் போக வேண்டும், போகிற வழியிலோ போலீஸ்.

அவர்களுக்குச் சாப்பாடு போட்டீர்கள், தோட்டத்தில் தங்கவைத்தீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பலரும் அதைச் செய்தார்கள். உங்களிடம் என்னை அசைத்தது வேறொன்று. செய்ததை நீங்கள் ஒளிக்கவில்லை. தர்மம் செய்தோம், போதும் என்று நிறுத்தாமல், இது அவர்களுடைய உரிமை என்று நீதிமன்றத்தில் நின்றீர்கள். 2017 பிப்ரவரியில் நீஸில் 3,000 யூரோ அபராதம் விதித்து நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் மேல்முறையீட்டில் அது நான்கு மாதச் சிறையானது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அப்புறம்தான் 2018 ஜூலை 6 வந்தது. சகோதரத்துவம் அரசியலமைப்பின் கொள்கை, ஒருவரிடம் தங்குவதற்கான பத்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல் மனிதாபிமானத்தோடு உதவும் சுதந்திரம் அதிலிருந்தே வருகிறது என்று அரசியலமைப்பு மன்றம் சொன்னது. 2020 மே மாதம் லியோன் நீதிமன்றம் உங்களைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 2021 மார்ச்சில் அது உறுதியானது.

அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் அதன் மறுபாதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நாட்டுக்குள் வந்துவிட்டவரை வண்டியில் ஏற்றலாம், வீட்டில் தங்கவைக்கலாம். எல்லையைத் தாண்ட உதவினால், ஒரு காசு வாங்காவிட்டாலும், இன்னும் குற்றம்தான். அதாவது, அந்த மனிதர் தானாக நடந்து உயிரோடு இந்தப் பக்கம் வந்து சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் நீங்கள் கை கொடுக்கலாம். வென்டிமிக்லியாவுக்கும் பிரெஞ்சு எல்லைக்கும் இடையே ரயிலில் அடிபட்டும் மின்சாரம் தாக்கியும் செத்தவர்கள் உண்டு. அதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. அந்த எல்லைதான் என்ன அப்படி என்றென்றைக்குமான எல்லையா? உங்களுக்கு மேலே இருக்கும் தாந்த், லா ப்ரீக் இரண்டு ஊர்களும் 1947 வரை இத்தாலியைச் சேர்ந்தவைதானே!

பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர்களிலும் பத்திரமில்லாமல் எல்லை கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இன்று அவர்கள் வரி கட்டுகிறார்கள், ஆள் வைத்து வேலை கொடுக்கிறார்கள். அதனால் இது எனக்கு அடுத்தவர் கதை இல்லை.

நீங்கள் 2019-இல் தொடங்கிய எம்மாவுஸ் ரோயா என்ற கூட்டுப் பண்ணையில், வந்தவர்கள் உங்களோடு நிலத்தில் வேலை செய்து விளைந்ததை விற்றுப் பிழைக்கிறார்கள் என்று படித்தேன். மனம் நிறைந்தது. ஒரு வேண்டுகோள் மட்டும்: உங்கள் பேச்சுக்கு இன்று அங்கே மதிப்பு இருக்கிறது. தீர்ப்பு விட்டுவைத்த அந்த மறுபாதியைப் பற்றி, மேடை கிடைக்கும் இடத்திலெல்லாம் விடாமல் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்