ஹேண்டல் ஆடினால் கையைத் தளர்த்தச் சொல்

பீடோர்,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். சின்னவன் பழைய 600 சிசி ஒன்று வாங்கிவிட்டான், ஹைவேயில் வேகம் பிடித்தால் ஹேண்டல் கொஞ்சம் ஆடுகிறது என்கிறான், ஹேண்டல் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் மாட்டினால் சரியாகிவிடும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள் என்றாய். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போன மாதம் எனக்கே அது நடந்தது. வீட்டில் முழுசாகச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஈப்போவில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். நம்ம ஊர்க் கொய்யா இல்லாமல் அவள் வாசல் ஏற முடியாது, தெரியுமே. பத்துக் கிலோ வாங்கிப் பையில் போட்டு வண்டியின் வால் பக்கம் கட்டியிருந்தேன். கோப்பேங் பக்கம் ஒரு லோரியை முந்தும்போது மீட்டரில் 110. லோரியின் மறைப்பை விட்டு வெளியே வந்ததும் காற்று நெஞ்சில் அறைந்தது. நான் முறுக்கியபடியே இருக்கிறேன், முன்சக்கரம் பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஹேண்டல் இடமும் வலமும் அடிக்க ஆரம்பித்தது. விநாடிக்கு ஏழெட்டுத் தடவை இருக்கும். கட்டை விரல் டேங்கில் மோதுவது கையுறைக்குள்ளேயே தெரிந்தது.

அந்த நேரத்தில் உடம்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இறுக்கிப் பிடி, பிரேக்கை அழுத்து. இரண்டுமே தப்பு, மச்சான். இறுக்கிப் பிடித்தால் நம்முடைய தோளும் கையும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். சக்கரம் நேராக வரப் பார்க்கும், நாம் கொஞ்சம் தாமதமாக எதிர்ப்பக்கம் தள்ளி அதைப் பெரிசாக்குவோம். முன் பிரேக்கை அழுத்தினால், ஏற்கெனவே திரும்பித் திரும்பி ஓடும் சக்கரத்தில் பாரம் மொத்தமாக வந்து விழும்.

முழங்கால் இரண்டாலும் டேங்கைக் கவ்விக்கொண்டேன். பிடியை விடவில்லை, ஆனால் விரல்களைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, நெஞ்சை டேங்குக்கு மேலே முன்னால் கொண்டுபோனேன். ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடாமல் மெதுவாகக் குறைத்தேன். மூன்று நொடி ஆகியிருக்கும், எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. வேகம் இறங்க இறங்க ஆட்டம் தானாக அடங்கியது.

இதைச் சின்னவனிடம் அவசியம் சொல். ஆட்டம் நின்ற பிறகு ஓரம் கட்ட முன் பிரேக்கைப் பிடித்தேன். நெம்பு ஒன்றுமே இல்லாமல் பிடி வரைக்கும் வந்துவிட்டது! அந்த உதறலில் டிஸ்க் அடித்து அடித்து பிரேக் பேட்களை உள்ளே தள்ளிவிடும். இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு அழுத்தினால்தான் பிரேக் திரும்ப வரும். இது தெரியாமல் வளைவுக்குள் போனால் என்ன ஆவது?

ஏன் ஆடுகிறது என்று கேட்டாயே. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் ஒரு சக்கரம் படபடவென்று அடிக்குமே, அதே விஷயம்தான். ஸ்டீரிங் அச்சைத் தரை வரைக்கும் நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அதற்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். அதனால்தான் சக்கரம் தானாக நேராகிறது. ஒரு மேட்டில் திரும்பினால் நேராக வரும்போது கொஞ்சம் தாண்டிப் போகும், மறுபடி திரும்பும். நல்ல வண்டியில் இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். எங்கேயாவது தேய்மானமோ தளர்ச்சியோ இருந்தால் அடங்காமல் வளரும். (வண்டி முழுசுமே பாம்பு மாதிரி மெதுவாக நெளிந்தால் அது வேறு. பின் ஷாக், பின் பாரம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பக்கம் பார்க்க வேண்டும்.)

மறுநாள் மோட்டார் கடையில் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினோம். ஹேண்டலை ஒரே விரலால் மெதுவாகத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் 'கடக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. கோன் செட்டை, அதாவது ஹேண்டல் திரும்பும் கழுத்து பேரிங்கை, கழற்றிப் பார்த்தால் கிரீஸே இல்லை, தேத்தண்ணி நிறத்தில் துருத்தண்ணி. பேரிங் குண்டுகள் தாம் உருளும் வளையத்தில் வரிசையாகக் குழி போட்டிருந்தன. காரணம் நான்தான். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போய்வந்து வாராவாரம் அழுத்தத் தண்ணி பீய்ச்சிக் கழுவினேன், அதுவும் கழுத்துப் பக்கமாகக் குறிவைத்து. உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் போய்விட்டது.

அதோடு நின்றதா? முன் டயரில் காற்று 27 psi தான். என் வண்டிப் புத்தகத்தில் முன்னால் 36, பின்னால் 42, அதுவும் டயர் சூடாகும் முன் அளந்தது. முன் டயர் அலை அலையாகத் தேய்ந்திருந்தது. போதாததற்குப் பின் அச்சுக்கும் பின்னால் பத்துக் கிலோ, முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி. எல்லாம் சின்னச் சின்னக் குறைதான். கோப்பேங் பாலத்தில் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

டேம்பர் நல்ல பொருள்தான். 2004-ல் வந்த ஹோண்டா சிபிஆர் 1000 ஆர்ஆரிலேயே, வேகம் கூடினால் இறுகும் எலக்ட்ரானிக் டேம்பர் வைத்தார்கள். ஆனால் கோன் செட் போன வண்டியில் அதை மாட்டினால் நோய் உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. ரொம்ப இறுக்கி வைத்தால் மெதுவாகப் போகும்போது வண்டி நேராகவே நிற்காது. முதலில் கோன் செட், சக்கர பேரிங், டயர், வீல் பேலன்ஸ், செயின் இழுத்தபோது பின்சக்கரம் கோணலாகிவிட்டதா என்பது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் நேராக இருக்கிறதா என்பது, எல்லாம் பார்க்கட்டும். பழைய வண்டி என்றாய், எங்கேயாவது விழுந்து எழுந்ததா என்றும் விசாரிக்கச் சொல். அதுவரைக்கும் ஹைவே வேண்டாம்.

இங்கே மற்றபடி சேதி ஒன்றும் பெரிசாக இல்லை. நாம் பள்ளிக்கூடம் போன காலத்து லயத்து வீடுகளில் கடைசி வரிசையையும் இடித்துவிட்டார்கள், அந்த இடத்திலும் செம்பனைக் கன்று நட்டாகிவிட்டது. வாய்க்கால் ஓரத்து மாமரம் மட்டும் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு நீ வருவாய் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்னவனும் வரட்டும். கோன் செட் மாற்றிவிட்டால் மோட்டாரிலேயே வரட்டும், நான் ஒரு தடவை முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன். கொய்யா பத்துக் கிலோ எடுத்து வைக்கிறேன். அதை நீ காரில் ஏற்றிக்கொண்டு போ.

உன்,
கடைசி பெஞ்சுக் கூட்டாளி