ஒரு பிரிட்டோன் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மருத்துவப் பக்கத்தில், ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் பதற வேண்டாம், ஒரு பிரிட்டோன் போதும்’ என்று அந்த ஒவ்வாமை மாத்திரையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவிலிருந்து எழுதினால் பதற்றம் வராதுதான். மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் லயங்களில் வந்து எழுதிப் பாருங்கள்.

பிரிட்டோன் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். கடும் ஒவ்வாமையில் தொண்டை அடைப்பதையும் பிரஷர் இறங்குவதையும் அது நிறுத்தாது. குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், மயக்கம் வந்தால் அட்ரினலின்தான் முதல் மருந்து. ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலிலிருந்து (ஊசி மருந்துக் குப்பி) 15 கிலோப் பிள்ளைக்கு 0.15 மில்லிலீற்றர், பெரியவருக்கு 0.5. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. இது டிஸ்பென்சரிக்காரரின் வேலை. வீட்டார் செய்ய வேண்டியது 1990 அம்புலன்ஸை அழைப்பதும், ஆளை நடக்க விடாமல் கம்பளியில் படுக்க வைத்து ரோட்டுக்குத் தூக்குவதும். எழுந்து நின்றாலே இரத்தம் காலுக்கு இறங்கி ஆள் சரிந்துவிடலாம். மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டி உட்கார வைக்கலாம். தேறியவரையும் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் திரும்ப வருவதுண்டு.

பிரிட்டோன் மேல் இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. ஐஸ் போதாமல் மலையேறி வரும் பலயா, கெலவல்லா மீனில் ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட எல்லோருக்கும் ஒன்றாக முகம் சிவந்து அரிக்கும். அது ஒவ்வாமை அல்ல, கெட்ட மீன். அதற்குத்தான் பிரிட்டோன் நன்றாகக் கேட்கும். இந்த வித்தியாசம் தெரியாமல், வீட்டுக்கு வீடு ‘எனக்கு மீன் ஆகாது’ என்று ஆயுள் முழுக்க மீனை ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

முன்னொரு இதழில் பிள்ளைக்கு ஒரு வயது வரை முட்டையும் கச்சானும் (நிலக்கடலை) வேண்டாம் என்றீர்கள். அதற்கும் இதுவரை திருத்தம் இல்லை. கச்சானை முதல் வயதிலேயே கொடுத்துப் பழக்கினால் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று லண்டன் ஆய்வு 2015இலேயே காட்டிவிட்டது. ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக வெந்த முட்டையும், மையாக அரைத்துக் கரைத்த கச்சானும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். முழுக் கச்சான் புரையேறும். தோலில் கடும் கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அட்ரினலின் அளவை டிஸ்பென்சரிச் சுவரில் வெட்டி ஒட்டும்படி ஒரு கட்டத்தில் போடுங்கள். ராசிபலனுக்கு முழுப் பக்கம் இருக்கிறதே, அதில் ஒரு மூலை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர்,
மஸ்கெலியா.