அந்தப் பையனின் கேள்விக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. வானிலைப் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "நாளைக்கு மழை வருமான்னே சரியாச் சொல்ல முடியல, ஐம்பது வருஷம் கழிச்சு வெயில் கூடும்னு மட்டும் எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டானாமே. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்தாயாம். சரி, அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கு. வரையறைகளை ஒப்பிக்க வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நாளைய மழையைச் சொல்வது ஏன் கடினம்? இன்றைக்குக் காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரம் எல்லாம் எங்கே எப்படி இருக்கின்றன என்று அளந்து, அங்கிருந்து கணக்குப் போடுகிறார்கள். தொடக்க அளவில் துளி பிசகினாலும் நாளாக ஆக அது பெருகிக்கொண்டே போகும். 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் கணினியில் ஒரு கணக்கை இரண்டாம் முறை ஓட்டினார். 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். போகப் போக இரண்டு கணக்குகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலையைக் காட்டின. அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டு, பிள்ளைகள் அசந்துபோவார்கள். எவ்வளவு முயன்றாலும் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

அப்புறம் அந்தப் பையனிடமே திருப்பிக் கேள்: "அடுத்த வருஷக் கோடை குளிர்காலத்தைவிடச் சூடா இருக்குமா?" தயங்காமல் ஆமாம் என்பான். எந்தத் தேதியில் மழை என்று தெரியாமலே இதை எப்படிச் சொன்னான்? சூரியனிடமிருந்து வரும் வெப்பம் எப்போது கூடும், எப்போது குறையும் என்று தெரியும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அவசரப்படாதே. கோடை ஏன் வருகிறது என்று கேட்டுப் பார். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்று பலர் சொல்வார்கள், பெரியவர்களும்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். ஜூலையில் அது 15.2 கோடி ஆகிவிடும். வட அரைக்கோளத்துக்கு ஜனவரி குளிர்காலமாயிற்றே! காரணம், பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது. ஒரு டார்ச்சை மேஜைமேல் நேராகவும் சாய்த்தும் அடித்துக் காட்டு. சாய்ந்த ஒளி அதிக இடத்தில் பரவி மங்குவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

காலநிலையும் இப்படி வரவு செலவைப் பார்க்கிற கணக்குதான். முப்பது ஆண்டுச் சராசரியை எடுத்து, வருகிற வெப்பம் எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வெளியேறும் வெப்பத்தைக் காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் ஓரளவு பிடித்து வைக்கின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்கும், இப்போது இருப்பது ஏறத்தாழ 15. ஆகவே இந்த வாயுக்களை வில்லனாக்கிவிடாதே, கூடிக்கொண்டே போவதுதான் சிக்கல். 1856இலேயே யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு, 1958இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வெளியேறும் வெப்பம் இப்படி மேலும் மேலும் பிடிபடுவதால்தான், எந்த நாளில் மழை என்று தெரியாமலே, ஐம்பது வருஷம் கழித்து வெயில் கூடும் என்று சொல்ல முடிகிறது.

ஓசோன் ஓட்டை வழியாக வெயில் உள்ளே வருவதால்தான் பூமி சூடாகிறது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது புற ஊதாக் கதிர் சம்பந்தப்பட்ட வேறு விஷயம், இதோடு கலக்க விடாதே.

முடிந்தால் ஒரு மழைமானியைப் பிள்ளைகளிடம் கொடுத்துத் தினமும் ஒரே நேரத்தில் குறிக்கச் சொல். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதை அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அடுத்து அந்தப் பையன் என்ன கேட்டான் என்று எழுது.

அன்புடன்,
அப்பா