குடைக்குள் இருந்த ஜாமெட்ரி பாக்ஸ்

தக்கலை
ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. மழை விடவே இல்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து விட நான்தான் நேரத்துக்கு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. இப்போது பார்வை தெளிந்துவிட்டது என்கிறாள். முற்றத்துப் பலா மரத்தில் எத்தனை சக்கை தொங்குகிறது என்று திண்ணையில் இருந்தபடியே எண்ணிச் சொன்னாள், பதினொன்று என்று. நானும் போய் எண்ணினேன். பதினொன்றுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் பில் போட நின்ற வரிசையில், உனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு கிரீம் டப்பாவைக் கூடையிலிருந்து எடுத்துத் தன் தோள்பைக்குள் போட்டதை நீ பார்த்திருக்கிறாய். பில் போடும்போது அது வெளியே வரவில்லை. நீயும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாய். "நீ இத்தனை வருஷமாகக் கடையில் நிற்கிறவள், நான் செய்தது தப்பா, சொல்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு முறை அடித்து எழுதியிருப்பதைப் பார்த்தால் உனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது என்று தெரிகிறது.

தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த முறை பேசாமல் வந்துவிடாதே.

அந்தப் பெண்ணை நினைத்துத்தான் நீ பேசாமல் இருந்தாய். பில் போட்ட பிள்ளையை நினைத்தாயா? ஸ்டாக் எடுக்கும்போது அந்த டப்பா கம்ப்யூட்டரில் இருக்கும், அலமாரியில் இருக்காது. எங்கள் பேச்சில் அதற்கு ‘ஷார்ட்’ என்று பெயர். நான் முதலில் வேலை பார்த்த கடையில், ஷார்ட் விழுந்த தொகையை அந்தப் பகுதியில் நிற்கிற எல்லாப் பிள்ளைகளின் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடித்துவிடுவார்கள். ஒரு மாதம் எனக்கு 340 ரூபாய் பிடித்தார்கள். பதினைந்து நாள் பஸ் காசு அது. யாருடைய கவனக்குறைவு என்று காட்டாமல், விளக்கம் கேட்காமல் அப்படிப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் எந்தப் பிள்ளை போய் அதைக் கேட்கும்? கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. இப்போது நான் இருக்கிற கடையில் அந்த வழக்கம் இல்லை. இருந்தாலும் ஷார்ட் அதிகமான மாதம் எல்லோரையும் நிறுத்திவைத்து முதலாளி கேட்கிற கேள்வி இருக்கிறதே, பணம் பிடித்தாலே தேவலாம் என்று இருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பில் போடுகிற பிள்ளை நாள் முழுக்க நின்றுகொண்டு எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. 2021-இல் நம் மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டது. களியக்காவிளை தாண்டி வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதைச் சொல்லும்போது எங்களுக்கு ஆசையாக இருக்கும். எங்கள் கவுண்டரில் ஸ்டூல் வந்த பிறகு மாலையில் கால் வீங்குவது குறைந்தது. ஆறு மணிக்கு மேலும் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. களவைத் தடுக்க கேமரா வாங்குகிற முதலாளிகள் முதலில் ஸ்டூல் வாங்கலாம் என்பது என் எண்ணம்.

இனி, நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், ஓணத்துக்கு முந்தின நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, துணிப்பையோடு என் கவுண்டருக்கு வந்தார். பை வாய் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பவுடர் டப்பா, நாங்களும் விற்கிற அதே பவுடர். எனக்கு முந்தின மாதம் சம்பளம் பிடித்த கோபம் அடங்கவில்லை. "அந்தப் பவுடருக்கு யாரு பில் போடுவா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே அவர் பையை இழுத்தேன்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், ஒரு சின்ன பர்ஸ். பர்ஸுக்குள் நாலாக மடித்த ஒரு பில். வேறொரு கடையின் பில். அதை என் முன்னால் விரித்து, உள்ளங்கையால் நீவி, பவுடர் என்று இருந்த வரியை நகத்தால் காட்டினார். அப்புறம் தன் சாமான்களை மட்டும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்களிடம் வாங்க வைத்திருந்த அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் வாசலுக்கு ஓடினேன். ரோட்டைக் கடந்துவிட்டிருந்தார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை, மக்கா. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் பொருளைப் பற்றி மட்டும்தான் பேசுவேன், ஆளைப் பற்றிப் பேசமாட்டேன். ‘எடுத்தீங்க’ என்ற சொல் என் வாயில் வராது. ‘இதுவும் பில்லில் சேர்க்கணுமா’ என்று கேட்பேன். மறந்து வைத்தவருக்கும் அது பொருந்தும், வேறு கடையில் வாங்கியவருக்கும் பொருந்தும், நிஜமாகவே எடுத்தவருக்கும் பொருந்தும். மூன்று பேரும் அந்தக் கேள்விக்கு முகம் கறுக்காமல் பதில் சொல்லலாம்.

ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நம் பக்கம் ஜூன் எப்படி என்று உனக்குத் தெரியும். மேற்குக் கடலில் ஒன்றாம் தேதியிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. குலசேகரம் பக்கம் மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். அதே மாதத்தில் பள்ளிக்கூடமும் திறக்கும். எங்கள் கடையில் அந்த நாட்களில் நோட்டும் பென்சிலும்தான் அதிகம் போகும்.

மழை நாளில் எல்லோரும் குடையை வாசலில் இருக்கிற நீல வாளியில் போட்டுவிட்டு வருவார்கள். அன்று ஒரு பெண் மட்டும், நீளமான பழைய கறுப்புக் குடையை மடக்கிக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டே பில் போட வந்தார். குடை கவுண்டர் ஓரத்தில் இடித்தது. தகரச் சத்தம் கேட்டது. உள்ளே ஜாமெட்ரி பாக்ஸ். பில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்கேனரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

நான் கவர் எடுக்கப் போகிறவள் மாதிரிப் போய், பின்னால் நிற்பவர்களுக்கு மறைவாக நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னேன்: "எக்கா, குடைக்குள்ள ஒரு சாமான் விழுந்து கெடக்குன்னு நெனைக்கேன். பில்லுல போட்டுரட்டா, இல்ல வேண்டாம்னா இங்க வெச்சிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். குடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு பாக்ஸை எடுத்து, ஈரத்தைச் சேலை முந்தானையில் துடைத்து, கவுண்டரில் வைத்தார். "இது வேண்டாம்" என்றார். மீதிக்கு, அரிசிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இரண்டு நோட்டுக்கும், பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் யார், வீட்டில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நீயே வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அன்று ராத்திரி எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த இடத்தில் நான் காசை எடுத்து நீட்டியிருந்தால், வரிசைக்கே கதை தெரிந்திருக்கும். அவர் இப்போதும் வருகிறார். குடையை வாளியில் போட்டுவிட்டு வருகிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

எல்லோரிடமும் இப்படியே நடந்துகொள்வேன் என்று நினைக்காதே. இதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். பருப்பை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு, கவரைப் பிரித்து முந்திரியைக் கொட்டிக்கொண்டு வருவார்கள். விலை குறைந்த சாமானின் பார்கோடைப் பிய்த்து விலை கூடியதில் ஒட்டுவார்கள். ஒருவன் 500 ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறை விஷயத்தில் பிள்ளையைக் குழப்பிக்கொண்டிருப்பான், இன்னொருவன் அரிசி மூட்டைக்கு அடியில் எதையோ வைத்துத் தள்ளுவண்டியை நகர்த்திவிடுவான். இவர்களிடம் பில் போடுகிற பிள்ளை ஒன்றும் பேசக்கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு. மேனேஜரைக் கூப்பிட வேண்டும், கேமராப் பதிவை எடுத்து வைக்க வேண்டும், தேவைப்பட்டால் 112-க்குப் போன் போட வேண்டும். துரத்தவே கூடாது. ஒருமுறை எங்கள் பையன் ஒருவன், பையோடு மோட்டார் சைக்கிளில் போனவனுக்குப் பின்னால் மெயின் ரோட்டில் ஓடி, பஸ் டயருக்கு ஒரு முழம் தூரத்தில் விழுந்தான். அந்தப் பையில் இருந்தது இரண்டு பாட்டில் ஷாம்பு.

பிடித்துவைப்பது பற்றியும் எழுதியிருந்தாய், "கதவைச் சாத்திப் பிடித்து வைத்திருக்க வேண்டாமா" என்று. என் அக்கா மகன் பத்மநாபபுரம் கோர்ட்டில் வக்கீல் அல்லவா, அவனை ஒருநாள் கடைக்குக் கூட்டிவந்து பிள்ளைகளுக்குச் சொல்லவைத்தேன். 2024 ஜூலை 1 முதல் புதுத் தண்டனைச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர். 5000 ரூபாய்க்குக் குறைந்த களவு, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால், குற்றம் நிரூபணமானாலும் தண்டனை சமூக சேவை என்று 303-ஆம் பிரிவில் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் ஒருவரைப் பிடித்து வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஜாமீனில் விடமுடியாத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நம் கண்ணெதிரே நடந்தால்தான் முடியும். அப்போதும் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அதை விட்டு ஒரு பெண்ணைக் குடோனில் உட்காரவைத்துப் பூட்டினால், அடைத்து வைத்த குற்றம் நம் தலையில் விழும். ஒரு வருஷம்வரை ஜெயில் உண்டு. சில கடைகளில் "பத்து மடங்கு கட்டு, இல்லையென்றால் போலீஸ்" என்று மிரட்டிக் காசு வாங்குகிறார்களே, அது களவைவிடப் பெரிய குற்றம் என்று அவன் சொன்னபோது எங்கள் மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், நாமே கையை விடக்கூடாது. இதைக் கேட்டதும் எனக்கு ஓணத்து முந்தின நாள்தான் ஞாபகம் வந்தது.

கேமராப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பழக்கம் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. 150 ரூபாய்ச் சாமானுக்கு ஒரு பெண்ணின் முகம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அவள் பிள்ளையோடு படிக்கிற பிள்ளைகளின் போனுக்கும் போகிறது. சாமான் கடைக்குத் திரும்பிவிடும், அந்தப் படம் ஒருநாளும் திரும்பாது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கடைக்காரி இல்லை, வரிசையில் நிற்கிறவள். அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசாதே. சத்தம் போடாதே, போனை எடுக்காதே. உன் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், அதற்குள் அவள் வெளியே போய்விடுவாள். பக்கத்தில் நிற்கிற கடை ஆளிடம் போய், "சிவப்புப் பைக்குள்ள ஒரு கிரீம் டப்பா போனதப் பார்த்தேன், பில்லுல வந்துச்சான்னு பாருங்க" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல். அவள் எப்படிப்பட்டவள் என்று நீ சொல்ல ஒன்றும் இல்லை, உனக்கு அது தெரியாது. அந்த டப்பாவுக்கு அவள் முன்பே காசு கொடுத்திருக்கவும் கூடும். சொல்லிவிட்டு உன் சாமானைப் பார்த்துக்கொண்டு நில். என்ன நடக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்காதே, அதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலிக்கும்.

நேற்று சாயங்காலம் நான் அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் முன்னே சொன்ன அந்தப் புதுப் பிள்ளை தனியாக ஒன்றைச் சமாளித்திருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், பிரட் வாங்க வந்திருக்கிறான். சட்டைப் பாக்கெட்டில் மிட்டாய்க் கவரின் ஓரம் தெரிந்திருக்கிறது. "தம்பி, பாக்கெட்டுல இருக்கதையும் சேத்துப் போட்டுரட்டா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் அதை எடுத்து வைத்தானாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவள் பார்க்காத இன்னொன்றையும் டவுசர் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தானாம். நான் திரும்பிப் போனபோது இரண்டும் கவுண்டரிலேயே இருந்தன. அலமாரியில் எடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, என்னிடம் காட்ட வைத்திருந்தாள்.

மட்டிப் பழம் இரண்டு சீப்பு பழுத்து நிற்கிறது. அக்கா மகன் செவ்வாய்க்கிழமை நெல்லைக்கு வருகிறான், கொடுத்துவிடுகிறேன். சக்கையும் ஒன்று தரட்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வேண்டுமென்றால் போன் பண்ணு.

உன்,
பழைய பெஞ்சுக்காரி