ஙாட்டு: டோங்காப் பெண்களின் மரவுரி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, பாவும் ஊடையும் இல்லாத ஒரு துணி எப்படி அவ்வளவு நீளம் போகும் என்று கேட்டிருந்தீர்கள். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த தங்களுக்கு அதை ஓரிரு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எங்கள் தெருவில் வாழும், பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த பெண்களிடம் கேட்டறிந்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மரவுரி என்றால் நமக்கு வனவாசம் போகும் இராமனின் கோலம்தான் நினைவுக்கு வரும். டோங்காவில் அது பெருஞ்செல்வம். நிலம் ஆண்வழியிலேயே இறங்கும் அந்த நாட்டில், பெண்கள் முடையும் பாய்களும் 'ஙாட்டு' எனப்படும் இந்த மரவுரியும் 'கொலோவா' என்ற பெயரில் பெண்களின் சொத்தாக மதிக்கப்படுகின்றன. திருமணமோ, சாவோ, அரசரின் முடிசூட்டு விழாவோ, ஙாட்டு விரிக்காமல் நடப்பதில்லை.

இதற்கான மரம் 'ஹியாப்போ', முசுக்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பசிபிக் தீவுகளில் தானாக வளர்ந்த மரமன்று. படகேறி வந்த முன்னோர் கிளைத்துண்டுகளாகக் கொண்டுவந்து நட்டது. அதன் மரபணு வழியைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அது தைவானிலிருந்து புறப்பட்டது என்று 2015-இல் வெளியிட்டார்கள். பக்கக் கிளை விட்டால் பட்டையில் ஓட்டை விழும் என்பதால் துளிர்களைக் கிள்ளிக்கொண்டே வளர்த்து, தண்டு இளசாக இருக்கும்போதே வெட்டுகிறார்கள். மேல்தோலைச் சீவி நீக்கி, வெள்ளை உட்பட்டையைக் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, நீண்ட மரத்துண்டின்மேல் கிடத்தி 'இக்கே' என்னும் சதுரக் கட்டையால் அடிக்கிறார்கள். முதலில் வரி வெட்டிய பக்கம், பிறகு வழவழப்பான பக்கம். கையகலம்கூட இல்லாத பட்டை, அடிக்க அடிக்கப் பல மடங்கு அகலமாகிறது.

அடிப்பதை ஒருத்தி தனியாகவும் செய்துவிடலாம். அடுத்து வரும், துண்டுகளை ஒட்டிச் சாயமேற்றும் 'கோக்காஅங்கா'வுக்கு ஊர்ப்பெண்கள் கூடியாக வேண்டும். வளைந்த நீண்ட பலகையின் இருபுறமும் உட்கார்ந்து, அதன்மேல் 'கூப்பேசி' என்னும் புடைப்பு அச்சுகளைக் கட்டி, பட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்காகப் பரப்பி, அரைவேக்காட்டுக் கிழங்கைத் தேய்த்து ஒட்டுகிறார்கள். மேலே சாயத் துணியால் அழுத்தித் தேய்க்கும்போது அடியில் உள்ள அச்சு எழும்பி வருகிறது. பழுப்புச் சாயம் தரும் கோக்கா மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வதுதான். ஒரு பகுதி முடிந்ததும் துணியைத் தள்ளி அடுத்ததைத் தொடங்குகிறார்கள். அந்தப் பகுதிக்கு 'லங்கங்கா' என்று பெயர். நீளத்தை அதைக் கொண்டே எண்ணி, ஓரத்தில் எண்ணும் எழுதுகிறார்கள். 50 லங்கங்கா கொண்டது 'லௌனிமா'. நீங்கள் கேட்ட நீளம் இப்படித்தான் வருகிறது.

அப்படி ஒரு லௌனிமா வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1953 டிசம்பரில் இரண்டாம் எலிசபெத் அரசி டோங்கா வந்தபோது, அந்த வருகைக்காகவே செய்யப்பட்டது. 1965-இல் டோங்காவின் அரசி சலோட்டே ஆக்லாந்தில் இறந்தபோது, அவர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசென்ற பயணத்தில் சவப்பெட்டியின் கீழே அதே ஙாட்டுவை விரித்தார்கள். விருந்தாளியை வரவேற்கச் செய்த துணி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் அரசியை வழியனுப்பவும் ஏற்றதாக இருந்தது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பெட்டியில் பூட்டிவைத்தால் ஙாட்டுவுக்கு மதிப்பு ஏறுவதில்லை. ஒரு முக்கியமான நாளில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் ஏறுகிறது.

நியூசிலாந்தில் ஹியாப்போ வேண்டிய அளவு கிடைப்பதில்லை. அதனால் இங்குள்ள பெண்கள் பலர், சட்டைக் காலருக்கு உள்ளே வைத்துத் தைக்கும் செயற்கைத் துணியை வாங்கி அதன்மேல் சாயம் தேய்க்கிறார்கள். பட்டையில் செய்ததற்கே மதிப்பு அதிகம் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். விசைத்தறியால் தங்கள் ஊர் பட்ட பாட்டை அறிந்த தாங்கள் இதைக் கேட்டு வருந்தலாம். ஆனாலும் எனக்கு இதில் நம்பிக்கைதான் பிறக்கிறது. விசைத்தறி நெசவாளியின் கையிலிருந்து வேலையைப் பறித்தது. இங்கோ துணி மாறினாலும் பலகையின் இருபுறமும் அதே பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் மகள்களும் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிறார்கள். அடிக்கும் கலை மட்டும் டோங்காவின் தோட்டங்களை நம்பியிருக்கிறது. அங்கே ஹியாப்போ நடுவது குறையக் கூடாது என்பதே என் கவலை.

தங்கள் வீட்டில் பழைய புட்டா அச்சுகள் இன்னும் இருந்தால் அவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். கூப்பேசி செய்யும் அம்மையார் ஒருவர் அவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

அன்புடன்,
தங்கள் நண்பன்